மதகை இடம் மாற்றி வரைந்தவள்

அவள் பெயரைச் சொல்ல மாட்டேன். ஓசூர் ஏரிக்கரைக்குக் காலை நடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வாயில் ஏற்கெனவே அவள் பெயர்தான். நானும் சேர்ந்து அதை எழுதிவைக்க வேண்டுமா என்ன?

வந்த முதல் நாளே அவள் மதகைத் தப்பான பக்கம் வரைந்தாள். கிழக்குக் கரையில் இருக்கிற மதகைத் தூக்கி மேற்கே, படித்துறைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். வண்ணம் பூசுவதற்கு முன்னால் சாக்பீஸில் கோடு போட்டுக்கொள்வது அவள் வழக்கம். சுவரில் அந்த மதகு அவ்வளவு பெரிதாக, அவ்வளவு அழகாக, முழுத் தப்பாக நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

காரணம் இருக்கிறது. நான் ஓவிய ஆசிரியை. ஏரிக்கு நாலு தெரு தள்ளிப் பிறந்து வளர்ந்தவள். ஏரியைச் சுற்றி நடைபாதை போட்டு, அதன் ஓரத்து மதில் முழுக்க ஏரியின் கதையைப் படமாக எழுதப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், வேலை எனக்குத்தான் என்று வீட்டில் சொல்லியும் விட்டேன். கடைசியில் பாதிச் சுவர்தான் எனக்கு வந்தது. மறுபாதி அவளுக்கு. திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, ஊர் ஊராகப் போய்ச் சுவரில் படம் போடுகிறவள், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். பார்த்த நிமிடமே "அக்கா" என்றாள். அந்த அக்காவில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அதுதான் எரிச்சல்.

மதகைப் பார்த்துக் கத்தியது, லேத்துப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். பனிக்குக் குல்லாய் போட்டுக்கொண்டு நடந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏம்மா, யாரும்மா நீ? மதகு அங்கயா இருக்குது?"

"அப்படியா ஐயா? எங்க இருக்கு?" என்று கேட்டு அவள் சாக்பீஸை நீட்டினாள்.

அவர் வாங்கிக்கொண்டார். மதகை வரைந்தார். மதகோடு விடவில்லை. ஒரு மழைக்காலத்தில் மதகுப் பலகை சிக்கிக்கொண்டது, தண்ணீர் கரை தாண்டப் பார்த்தது, ஊரே மண் மூட்டை சுமந்தது என்று வெயில் ஏறும்வரை சொல்லிக்கொண்டே வரைந்தார். அடுத்த நாள் தன்னோடு நடக்கிறவர்களையும் இழுத்துவந்தார். மண் மூட்டை எந்த இடத்தில் அடுக்கினார்கள் என்பதில் அவர்களுக்குள் பெரிய சண்டை. அவள் ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கட்சிக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

டீக்கடையில் பெரிய மனது பண்ணி நான் சொன்னேன், ஊர் தெரியாமல் இப்படிப் போட்டால் சிரிப்பார்கள் என்று.

"மதகு கிழக்கதானக்கா? தெரியும்லா. வந்த அன்னைக்கே கரையைச் சுத்தி நடந்து பாத்தேன்."

"பின்ன எதுக்கு மாத்திப் போட்ட?"

"கேட்டா யாரு சொல்லுதாக்கா? 'என்னத்தம்மா சொல்றது, ஒண்ணுமில்ல'ன்னு போயிருவாங்க. தப்பாப் போட்டா மட்டும் பொறுக்காது. வீட்டுக்குப் போனவங்களும் திரும்பி வருவாங்க."

டீயை ஊதி ஊதிக் குடித்தாள். எனக்குத்தான் நாக்குச் சுட்டது.

அதன் பிறகு கவனித்தேன். சுவரில் மட்டுமில்லை, அவள் பிழைப்பே இப்படித்தான் நடந்தது. கன்னடம் பேசும் ஓர் அம்மாவின் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தாள். ஒருநாள் அந்த அம்மாவின் காதில் விழுகிற மாதிரி, உப்புசாறு என்கிற அவர்கள் வீட்டுக் கீரைச் சாற்றுக்குத் தேங்காய்ப்பால் ஊற்றணுமாமே என்று போனில் யாரிடமோ கேட்டிருக்கிறாள். அந்த அம்மாவுக்கு நெஞ்சே நின்றுபோயிருக்கும். மத்தியானத்துக்குள் ஒரு சட்டி உப்புசாறும் ராகிக் களியும் மாடி ஏறிவிட்டன. அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை ஏறிக்கொண்டே இருந்தன. டீக்கடைக்காரரிடம், "அண்ணாச்சி, நீங்க தர்மபுரிதான?" என்றாள். "தர்மபுரியா! நான் பர்கூரும்மா" என்று ஆரம்பித்தவர், அங்கே கல்குவாரியில் வேலை பார்த்தது, பாறை உருண்டு விரல் நசுங்கியது, அந்த ஒற்றை விரலால்தான் இந்த ஊருக்கு வந்து டீக்கடை போட்டது என்று எல்லாவற்றையும் கொட்டினார். நான் படிக்கிற காலத்திலிருந்து அந்தக் கடையில் டீ குடிக்கிறேன். அந்த விரல் கொடுக்கும் கிளாஸைத்தான் வாங்கியிருக்கிறேன். எனக்கு அவர் சொன்னதெல்லாம் "சக்கரை கம்மிதான மேடம்?" மட்டும்தான்.

என்னிடமும் ஒருமுறை முயன்று பார்த்தாள். "உங்கம்மாவும் டீச்சராக்கா?" என்றாள். "இல்ல. தொழிற்பேட்டையில ஒரு கேன்டீன்ல இருந்தாங்க" என்று சொல்லி வாயை மூடிக்கொண்டேன். என்னிடம் உன் பருப்பு வேகாது என்று உள்ளுக்குள் ஒரு பெருமை.

அவள் பாதிச் சுவர் ஊர்க்காரர்களின் கோடுகளால் நிறைந்துகொண்டே போனது. ரோஜா கட்டுவதைத் தப்பாகப் போட்டாள் என்று ஒரு பூக்காரம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு, "காதம்மா, அட்ல காது" அப்படியில்லை என்று தெலுங்கில் அவளை அதட்டி, வாழைநாரை எப்படிச் சுற்றவேண்டும் என்று வரைந்து காட்டினாள். அந்தக் கோணல் கோடுகளை அவள் நேராக்குவதில்லை. அவற்றின் மேலேயே தூரிகையை ஓட்டினாள்.

என் பாதிச் சுவரில் ஒரு தப்பும் இல்லை. பழைய புகைப்படங்களைத் தேடி எடுத்தேன். மலைக்கோயில் எந்தக் கோணத்தில் தெரியும், முதல் தொழிற்சாலையின் புகைபோக்கி எந்தப் பக்கம், பெங்களூர் பஸ் அப்போது எந்த நிறம் என்று எல்லாவற்றையும் விசாரித்துப் போட்டேன். போகிறவர்கள் "சூப்பர் மேடம்" என்றார்கள். என் மலைக்கோயில் முன் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு, கதை பேச அவள் பக்கம் போனார்கள்.

அது போகட்டும். எனக்கு அந்தச் சுவரில் உண்மையிலேயே வேண்டியிருந்தது ஒன்றுதான். அம்மா வரவேண்டும். என் படத்தின் முன் நின்று ஏதாவது சொல்லவேண்டும்.

அம்மாவுக்கு என் படங்களைப் பற்றித் தெரிந்த ஒரே வார்த்தை "நல்லாருக்கு". ஒன்றாம் வகுப்பில் நான் போட்ட, நாலு காலும் ஒரே பக்கம் இருந்த பூனைக்கும் அதுதான். கல்லூரியில் பரிசு வாங்கிய படத்துக்கும் அதுதான். பாத்திரம் தேய்த்துக்கொண்டே, திரும்பாமலே சொல்லுவாள். ஏரிச் சுவர் வேலை தொடங்கியதிலிருந்து வா வா என்று கெஞ்சினேன். முட்டி வலிக்குது என்றாள். வெயில் என்றாள். முடிந்ததும் ஒரேயடியாகப் பார்க்கிறேன் என்றாள்.

அப்படிப்பட்ட அம்மா ஒரு காலையில் தானாக நடந்து வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி எதையோ சொல்லிவிட்டிருக்கிறாள். என் பாதிச் சுவரைக் கடந்துதான் வரவேண்டும். கடந்தாள். மலைக்கோயில், புகைபோக்கி, பஸ், தூரிகையோடு நான் என எதையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நேராக அவள் பக்கம் போய் நின்றாள். அங்கே படித்துறையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து துணி துவைக்கிற படம், சாக்பீஸ் கோட்டில் இருந்தது.

"ஏம்மா, இவங்கள்லாம் யாரு?"

"துணி துவைக்கிறவங்கம்மா. ஊர்ப் பொம்பளைங்க எல்லாரும்."

"எல்லாருமா?"

"ஆமாம்மா. வேற எங்க போவாங்க?"

அம்மா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். சண்டைக்குப் போகும்போது செய்வது அது.

"நாங்க இங்க வரக்கூடாது. இந்தப் படியில எங்க காலு பட்டா என்னா நடக்கும்னு உனக்குத் தெரியாது. எங்க தெருவுக்கு மதகுக்கு அந்தாண்ட, கரைக்குக் கீழ, வாய்க்காலு. கழனிக்குப் போற தண்ணி. தொவைக்கிறது, குளிக்கிறது எல்லாம் அதுலதான். ஏரியே எங்களுக்குத் தெரியாதும்மா. கரைதான் தெரியும்."

சாக்பீஸ் நீண்டது. பேருக்கு மட்டும் கையெழுத்துப் போடத் தெரிந்த என் அம்மா அதை வாங்கினாள். வாய்க்காலை இழுத்தாள். கோடு கோணலாகப் போனது. ஆனாலும் நிறுத்தவில்லை. பெரிய கல் ஒன்று போட்டு, "இது மாமியாருங்க கல்லு" என்றாள். பக்கத்தில் சின்னதாக ஒன்று. "இது புதுசா வந்த மருமவளுக்கு. அதுல ஒரு துணி வெச்சா ஒரு துணி உழும்." மதகைச் சொல்லாமல் திறந்துவிட்டால் துணியெல்லாம் கழனிக்குள் போய்விடுமாம். நட்ட நாற்றுக்குள் பாவாடையைத் தேடிக்கொண்டு ஓடுவார்களாம். கழனிக்காரன் வீட்டு ஆள் தடியோடு துரத்துவானாம். சொல்லிவிட்டு அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளும் சிரித்தாள். இருவர் தோளும் இடித்துக்கொண்டன.

இந்தக் கோடியில் என் தூரிகை காய்ந்துபோனது. பொறாமை என்று ஊரில் எத்தனையோ சொல்கிறோம், பக்கத்து வீட்டு வண்டி, கூடப் படித்தவளின் நகை என்று. அதெல்லாம் ஒன்றுமே இல்லை. என் அம்மா, இத்தனை வருஷத்தில் எனக்குச் சொல்லாததை, வந்து ஒரு மாதம் ஆகாதவளுக்குச் சொல்லிச் சிரிக்கிறாள். அவளைக் கரையிலிருந்து ஏரிக்குள் தள்ளிவிடலாமா என்று இருந்தது.

வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "எங்கிட்ட ஏம்மா இதெல்லாம் சொன்னதே இல்ல?"

"உனக்கு எதுக்கு? நீ படிச்சு மேல வந்த புள்ள."

"அவளுக்கு மட்டும் எதுக்கு?"

"அவ தப்பா போட்டுட்டாளே! அப்பிடியே உட்டா அதுவே நெசமாயிடாதா?" அரிசியைக் களைந்துகொண்டே சொன்னாள். "நீதான் எல்லாத்தையும் சரியா போடுவியே."

மறுநாள் அவளிடம் போய் நின்றேன். நல்ல கோபத்தில் இருந்தேன். "படித்துறையையும் தெரிஞ்சேதான் தப்பாப் போட்டியா?"

முதல் தடவையாக அவள் சிரிக்கவில்லை. "இந்த ஊரு எனக்குத் தெரியாதுக்கா. எங்க ஊர்ல ரெண்டு துறை உண்டு. நாங்க கீழத் துறை. எங்க ஊர்ச் சுவத்துலயும் இப்படித்தான் எல்லாரையும் ஒரே படியில வெச்சேன். வந்தாங்க, பாத்தாங்க, அழகா இருக்குன்னு சொல்லிட்டுப் போனாங்க. எங்கம்மா உள்பட. ஒருத்தரும் திருத்தல." பிறகு அம்மா போட்ட வாய்க்காலைக் காட்டி, "உங்களுக்குக் கொடுப்பினைக்கா" என்றாள்.

அவளுக்கு என்மேல் பொறாமையாம்! அதைக் கேட்டுச் சந்தோஷப்படக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அந்த வாய்க்காலுக்கு அவள் வண்ணம் பூசியபோது ஒருவர் வந்தார். ஏரிக்குக் கீழே ஒரு காலத்தில் நிறையக் கழனி வைத்திருந்த குடும்பம். இப்போது அங்கே அடுக்குமாடி எழும்பியிருக்கிறது. தினமும் வெள்ளை வேட்டியில் நடப்பவர். "இதெல்லாம் இப்ப எதுக்கும்மா? எல்லாம்தான் மாறிப்போச்சே" என்றார், சத்தம் போடாமல். சுவரை அழிக்கச் சொல்லி ஒரு போன் போட அவரால் முடியும்.

அவள் சாக்பீஸை நீட்டினாள். "தப்புன்னா திருத்துங்கய்யா."

அவர் வாங்கிவிட்டார். சுவருக்குப் பக்கத்தில் போனார். மாமியார் கல்லையும் மருமகள் கல்லையும் பார்த்தார். கை பாதி உயர்ந்து நின்றது. "தப்புன்னு நான் சொல்லலியே" என்று முனகிவிட்டு, சாக்பீஸைச் சுவர் மேல் வைத்துவிட்டுப் போனார். அடுத்த நாளும் நடக்க வந்தார். அந்த இடம் வந்தபோது மட்டும் தண்ணீர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தார்.

என்னால் அப்படிச் செய்திருக்க முடியுமா? முடியாது. நான் வாதாடியிருப்பேன், ஆதாரம் காட்டியிருப்பேன், தோற்றிருப்பேன்.

வேலை முடிந்து அவள் வேறு ஊர்ச் சுவருக்குப் போனாள். பஸ் ஏற்ற அம்மா வந்தாள். களி உருண்டையும் கீரையும் தூக்கில் கட்டிக்கொடுத்தாள். எனக்கு அவள் தந்தது ஒரு டப்பா சாக்பீஸ். "வெச்சுக்கோங்கக்கா, உதவும்" என்றாள். ஓவிய ஆசிரியைக்குச் சாக்பீஸ்! பீரோவுக்குள் போட்டுப் பூட்டினேன்.

போன வருஷம் படித்துறைப் பக்கத்து மதிலையும் எழுத முடிவானது. இந்தத் தடவை முழுச் சுவரும் எனக்கே. பீரோவைத் திறந்தேன். அவளால் முடியும் என்றால் உள்ளூர்க்காரி என்னால் முடியாதா? படித்துறை ஓரத்தில், கரையை ஒட்டி, ஒரு கல் மண்டபத்தை வரைந்தேன். நாலு தூண், மேலே கோபுரம் மாதிரி ஒரு முகடு. அப்படி ஒன்று அங்கே இருந்ததே இல்லை. சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

குல்லாய்ப் பெரியவர் வந்தார். நின்றார். "ஆமா ஆமா, எங்கப்பா சொல்லுவாரு, இங்க ஒரு மண்டபம்" என்றார். அவரோடு வந்தவர், அதை யார் இடித்தார்கள் என்பது தனக்குத் தெரியும் என்றார். ஒரு அப்பா தன் பெண்ணிடம், தண்ணீர் வற்றினால் இன்றைக்கும் அடிக்கல் தெரியும் என்று கையை நீட்டிக் காட்டினார். சிலருக்குச் சந்தேகம் வந்திருக்கும்போல, புருவத்தைச் சுருக்கினார்கள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத் தெரியாததா மேடம்" என்று நகர்ந்தார்கள். அவள் தப்பாகப் போட்டால் ஊர் திருத்துகிறது. நான் தப்பாகப் போட்டால் அது சரித்திரம் ஆகிவிடுகிறது.

கடைசியில் அம்மாவை ஆட்டோவில் கூட்டிவந்தேன். இவளாவது முந்தானையைச் செருகுவாள் என்று. இந்தத் தடவை வந்தாள். என் சுவர் முன்னால், மண்டபத்துக்கு நேராக நின்றாள். நான் எத்தனையோ நாள் ஆசைப்பட்ட மாதிரி, ரொம்ப நேரம் நின்றாள்.

"இங்க மண்டபம் வேற இருந்துச்சா?" என்றாள். "இருந்திருக்கும். நாங்க எங்க பாத்தோம்."

ஈரத் துணியை எடுத்து மண்டபத்தை அழிக்க ஆரம்பித்தேன்.

"ஏன்டி அழிக்கிற? நல்லாருக்கு."

"பொய்மா இது. நானாப் போட்டது. இங்க மண்டபமே கெடயாது."

"நீயா? நீ தப்பா போட மாட்டியே."

"வேணும்னேதான் போட்டேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு கம்பித் தடுப்புக்குக் கீழே பார்த்தாள். பிளாஸ்டிக் பைகள் ஒதுங்கிக் கிடக்கிற, பாசி பிடித்த பழைய படிகள்.

"அப்ப இங்க என்னாதான் இருந்துச்சு?"

"படிக்கட்டும்மா. வெறும் படிக்கட்டு."

"வேற?"

"வேற ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணுமே இல்லியா!" அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இந்தத் தடவை வாயைப் பொத்தவில்லை. "அட, கரைக்குக் கீழ ஒக்காந்துகினு நாங்க என்னென்னமோ இல்ல நெனச்சோம்! கல்லுல தூணாம், தூணுக்குத் தூணு வெளக்காம், படியெல்லாம் பளபளன்னு வழுக்குமாம். இதுக்குத்தானா எங்கள உடல?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம், நான் நீட்டாமலே, என் கையிலிருந்த சாக்பீஸை எடுத்தாள். "உன் தூணு ரொம்ப ஒல்லி. நாங்க நெனச்சது இவ்ளோ பெருசு" என்று, நான் அழித்த இடத்தில் வரைய ஆரம்பித்தாள்.

அந்த மண்டபம் இப்போதும் சுவரில் இருக்கிறது. தூண்கள் கோணல், விளக்குகள் தேங்காய் பருமன். நேராக்கவில்லை. கீழே, கரைக்கு அடியில் உட்கார்ந்த பெண்கள் நினைத்த மண்டபம் என்று எழுதியிருக்கிறேன்.

அவள் அவ்வப்போது போன் செய்வாள். போன வாரமும் செய்தாள். அம்மாவின் முட்டியை விசாரித்தாள். "படித்துறைச் சுவர் உங்களுக்குத்தானாமேக்கா? என்ன போட்டிருக்கீங்க?" என்றாள்.

"வெறும் படிக்கட்டுதான்" என்றேன்.

"படிக்கட்டு மட்டுமாக்கா?" என்று கேட்டுவிட்டு அவள் சும்மா இருந்தாள். அந்தச் சும்மாவுக்குள் சாக்பீஸ் நீண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. என் நாக்கு துடித்தது. அம்மா உள்ளேயிருந்து, யாரு போன்ல என்று கேட்டாள்.

"யாருமில்லம்மா" என்று சொல்லி, போனை வைத்துவிட்டேன். அம்மாவின் தூண்களையும் அவளுக்குக் கொடுக்க முடியாது.